எட்டாம் இலக்கம்

பத்துப் பேரை நீலப் பேனையால் எழுதியாயிற்று.
எட்டாவது வரி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.
இரண்டரைக்கு மத்தியஸ்தரிடம் பட்டியல் போகவேண்டும்.
இப்போது இரண்டேகால்.
மாங்குளத்துச் சோளகம் செம்மண்ணைக் கிளப்பி
கோல் கம்பத்தை ஒருமுறை அழித்துவிட்டு
மறுபடி வரைகிறது.

ஒரு பக்கம் றெஜினோல்ட்.
முப்பத்தாறு வயது.
பந்து காலுக்கு வருமுன்பே
அது போகவேண்டிய இடத்தைப் பார்த்து முடித்திருப்பான்.
கரைவலைக்காரனின் கண்.
தண்ணி ஓரிடத்தில் நிறம் மாறினால்
அங்கே மீன் என்று தெரிகிற மாதிரி
பின்வரிசையில் ஒருத்தன் ஓரடி பிந்தினால்
அங்கே இடம் என்று தெரியும்.
ஆனால் முழங்கால்.
போன மாதம் உடையார்கட்டில்
அறுபதாம் நிமிடத்துக்குப் பிறகு
கண் போன இடத்துக்குப் பந்து போகவில்லை.
இரண்டு முழம் குறைந்தது.
அந்த இரண்டு முழத்துக்குள் இரண்டு கோல்.

மறுபக்கம் சாருஜன்.
பதினெட்டு முடிய இன்னும் நாலு மாதம்.
கழகத்துக்கு வந்து ஒன்பது கிழமை.
ஓடுகிறான் என்று சொல்லி முடிக்குமுன்
ஓடி முடித்திருப்பான்.
நாற்பது யார் உயர்த்தி அடித்தால்
பந்து மதிலால் குதிக்கிற பூனை மாதிரி
சத்தமில்லாமல் இறங்கும்.
ஆர் நிற்கிறார்கள் என்று பார்த்து அடிப்பதில்லை.
அடித்துவிட்டுத்தான் ஆளைத் தேடுவான்.
ஒருமுறை எதிரணிக்காரனுக்கே அழகாகக் கொடுத்தான்.
அவன் திரும்பி நன்றி சொன்னான்.

தலைவர் சொல்கிறார்: அனுபவம்.
பொருளாளர் சொல்கிறார்: பெடியன்.
போன வருசம் இருவரும் மாறிச் சொன்னவர்கள்.
பட்டாவுக்கு டீசல் அடித்தது றெஜினோல்ட்.
இதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.
ஒட்டுசுட்டான் தாண்டும்வரை
எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு வந்தோம்.

உண்மையில் நான் பார்த்த கணக்கு வேறு.
றெஜினோல்ட்டைப் போட்டுத் தோற்றால்
முழங்காலைப் பேசுவார்கள்.
சாருஜனைப் போட்டுத் தோற்றால்
என்னைப் பேசுவார்கள்,
மீன்வாடியில், சலூனில்,
ஞாயிறு பூசை முடிந்து சைக்கிள் எடுக்கிற இடத்தில்.
கணக்கின் விடையைக் கண்டதும்
எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று.
அந்தக் கோபத்தில் எழுதினேன்:
சாருஜன்.
மை தீர்ந்து கடைசி எழுத்து
வெறும் கீறலாய் விழுந்தது.
விளையாட்டைப் பார்த்து எழுதிய பெயரல்ல அது.
பெடியனுக்கு இது தெரியாது.

எட்டாம் இலக்கச் சட்டை எங்களிடம் ஒன்றுதான்.
றெஜினோல்ட் தன் பையிலிருந்து எடுத்து
மடிப்புக் கலையாமல் வாங்கில் வைத்தான்.
கையில் கொடுக்கவில்லை.
"கோனர் ஆர் அடிக்கிறது?"
"அவன்தான்."
"ம்."
பிறகு பட்டாவின் நிழலில் போய் இருந்தான்.
சப்பாத்தைப் போட்டான். நாடாவைக் கட்டவில்லை.

அறுபத்தோராம் நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
எங்கள் கோல்
சாருஜன் ஆளைப் பாராமல் அடித்த பந்து.
அவர்களின் கோலும்
சாருஜன் ஆளைப் பாராமல் அடித்த பந்து.

பந்து வெளியே போகிறது. எறிவது எங்கள் பக்கம்.
நிழலில் றெஜினோல்ட் நாடாவைக் கட்டுகிறான்.
நான் கட்டச் சொல்லவில்லை.
என் கை எப்படியோ பாதி உயர்ந்துவிட்டது.
மத்தியஸ்தர் பார்க்கிறார்:
"மாத்துறீங்களோ?"

மாற்றினால்
அந்த ஈரச் சட்டையை ஒருத்தன் கழற்றி
மற்றவன் போடவேண்டும்.

நடுவில் நிற்கிறான் சாருஜன்.
செம்மண் அப்பி முதுகில் எட்டு
மூன்று போலத் தெரிகிறது.
பந்து இன்னும் அவனிடம் வரவில்லை.
தலையைத் தூக்கி
வலப்பக்கம் பார்க்கிறான்.
அங்கே ஒருவரும் இல்லை.
அல்லது நான் நிற்கிற இடத்திலிருந்து
தெரியவில்லை.

உயர்ந்த கையை
வெயிலுக்குக் குடையாக நெற்றியில் வைத்துக்கொண்டு
நானும் அங்கே பார்க்கிறேன்.