நான்காவது ஒன்பது

காளவாசலில் டயர் கடைக்கு மேல்மாடி.
ரப்பர் நெடியோடு மூன்று நாளாய்
உலகப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
சர்வரை எந்த ஊரில் குடிவைப்பது என்று.

வர்ஜீனியா மலிவு.
கூப்பிட்ட குரல் திரும்பிவர
இருநூற்று அறுபது மில்லிசெகண்ட்.
சிங்கப்பூர் எழுபது,
கடலடியில் கிடக்கும் கம்பியை நம்ப வேண்டும்.
மும்பை நாற்பது.
சென்னை பதினெட்டுதான்,
ஆனால் சென்னைக்கு டிசம்பர் என்று ஒரு மாதம் இருக்கிறது.

இமை மூடித் திறக்கவே முந்நூறு ஆகுமாம்.
அப்படியானால் எல்லா ஊரும்
ஒரு கண்சிமிட்டலுக்குள்தான் கிடக்கின்றன.
இதற்கா மூன்று நாள்?

இதற்குத்தான்.
கருமாத்தூர் தாண்டி ஒரு பால் சொசைட்டி.
ஒருத்தர் பால் ஊற்றினால்
மிஷின் பதினோரு தடவை சர்வரைக் கேட்கும்:
யார், எந்த மாடு, எத்தனை லிட்டர், கொழுப்பு என்ன,
பழைய பாக்கி உண்டா.
வர்ஜீனியா என்றால் ஆளுக்கு மூன்று விநாடி.
வரிசையில் நூற்றி நாற்பது பேர்.
ஏழு நிமிடம்.
ஆறே முக்காலுக்குக் கிளம்பும் வேன்
ஏழு நிமிடம் யாருக்கும் நின்றதில்லை.

விற்பனைப் பிரதிநிதி போனில் தேனாய்ப் பேசினார்.
"தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் ஓடும் மேடம்."
பேசிக்கொண்டே கணக்குப் போட்டேன்.
மிச்சம், வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம்.
"எந்த எட்டே முக்கால்?"
"புரியல மேடம்."
"ராத்திரி ரெண்டு மணியா, விடியக்காலை ஆறு மணியா?"
எதிர்முனையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும்.
பிறகு சொன்னார்,
இன்னொரு ஒன்பது சேர்த்துக்கொள்ளலாம்,
ஐம்பத்திரண்டு நிமிடமாகக் குறையும்,
மாதம் இரண்டாயிரத்து எழுநூறு கூடும்.

புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண்ணுக்கு
இவ்வளவு காசை
எந்தக் கூட்டத்தில் நான் நியாயப்படுத்துவேன்?

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு சொசைட்டி.
செயலாளர் காசிமாயன் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார்.
"கிளவுடுன்னா மேகந்தானம்மா?
எங்க பக்கம் மேகத்த நம்பி
எவனும் கடன் குடுக்கமாட்டானே.
சரி, அங்க கரண்டு போகுமா?"
போகும் என்றேன்.
எத்தனை நிமிடம், எவ்வளவு காசு என்று
சொல்ல வாயெடுக்கும்போது வரிசையில் கூச்சல்.

"நாலு புள்ளி ஒண்ணா? என் பாலா?
நேத்து ரெண்டு காட்டுச்சு,
மாடு அதே மாடு, புல்லு அதே புல்லு!"
ஒச்சம்மாள் கேனை நகர்த்தவில்லை.
பின்னால் நின்றவர்கள்
ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.
இரண்டாம் முறை அளந்தார்கள்.
நாலு புள்ளி இரண்டு.
சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
யாரையும் பார்க்காமல் போனாள்.

காசிமாயன் என் பக்கம் திரும்பினார்.
"ஒரு பாயிண்டுனால இந்த ஊர்ல
மூணு குடும்பம் பேசிக்கிறதில்ல.
அந்த ஒம்பத வாங்கிப்புடுங்க."

மும்பையில் வாங்கினேன்,
ஒரு நகல் சென்னையில்.
அதற்குப் பிறகும் மனசு ஆறாமல்
லைன் அறுந்தால் மிஷினே கணக்கை வைத்திருந்து
வந்ததும் ஒப்படைக்கிற மாதிரி
நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன்.
ஒரு விடியலில் யாரிடமும் சொல்லாமல்
மோடத்தின் வயரை நானே பிடுங்கினேன்.
எண்ணெய் டப்பா மேல் இருந்த பிரிண்டர்
ஒரு கணம் யோசித்தது.
சீட்டு வந்தது.
ஒச்சம்மாள் கொழுப்பை மட்டும் பார்த்தாள்.

இப்போது சொசைட்டிச் சுவரில்
தீவன விலைப்பட்டியலுக்குக் கீழே
காசிமாயன் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்.
பென்சில் கோடு, இரண்டு கட்டம்.

மேகம். வரவு 52 நிமிசம்.
மாசி பத்து வரைக்கும் செலவு 4.