நிறுத்தப் பலகை

ஒரு பக்கம் 'நில்'. மறுபக்கம் 'மெல்லப் போ'.
இந்த இரண்டு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
கல்தேராவுக்கு வடக்கே
நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறார்கள்.
காலை ஏழு மணிக்குக் கமன்சாகா மூடுபனி
தலைக்கவசத்தின் விளிம்பிலிருந்து என் மூக்கில் சொட்டும்.
இந்தப் பாலையில் மழைக்கு அதுதான் பெயர்.

செவ்வாய்க்கிழமை நிக்கனோரின் இயந்திரம்
மேட்டின் விலாவைச் சீவிக்கொண்டிருந்தபோது
சத்தம் மாறியது.
மணலுக்கு ஒரு சத்தம் உண்டு, கல்லுக்கு ஒன்று.
இது இரண்டும் இல்லை.
அவன் இறங்கி, தொப்பியைக் கழற்றி,
யார் வீட்டுச் சுவரையோ இடித்துவிட்டவன்போல் நின்றான்.
ஒரு தாடை.
லாரியில் பாதி நீளம்.

அன்றோடு வேலை நின்றது, கூலியும்.
எனக்கு மட்டும் நிற்கவில்லை.
நிறுத்துகிறவளுக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

சாந்தியாகோவிலிருந்து வந்தவர்கள் பல்துலக்கும் தூரிகை கொண்டுவந்தார்கள்,
கோந்து, சாக்குத்துணி, மூட்டை மூட்டையாய் மாவு.
செத்து எழுபது லட்சம் ஆண்டு ஆன விலாவுக்கு
மாவுக்கட்டுப் போட்டார்கள்,
நோகாமல்.

இடைவேளையில் போய்ப் பார்த்தேன், வெட்டிய சுவரை.
அடியில் சாம்பல் மணல்.
அலை விட்டுப்போன வரிகள் அதில் அப்படியே,
நேற்று மாலை நீர் வடிந்ததுபோல.
அதன்மேல் விரல் தடிமனுக்குச் சிப்பி நொறுங்கல்.
வேறு நிற மண் அடைத்த நண்டு வளை ஒன்று.
ஒரு சுறாப்பல், இன்னும் விரலைக் கீறும் கூர்மையோடு.
நெய்தல்
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பாலையாகியிருக்கிறது.
உப்பு மட்டும் இடம் மாறவில்லை.
நக்கிப் பார்த்தேன்.

திமிங்கிலங்கள் பதினேழு.
வயிறு வானம் பார்க்க,
தலைகள் அநேகமாய் ஒரே திசையில்.
குட்டிகளும் இருந்தன. கடித்த தடம் எதிலும் இல்லை.
எலும்பைச் சுற்றித் துருநிறத்தில் மெல்லிய படலம்.
"நான்கு அடுக்கு. நான்கு தடவை நடந்திருக்கிறது" என்றாள்
அளவுநாடா பிடித்திருந்த இசோல்தா.
"ஏன் என்றுதான் பிடிபடவில்லை."
சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தாள்.

என் தம்பி லௌத்தாரோ மட்டிக்கு முக்குளிப்பவன்.
கடல் சிவந்த அந்த ஆண்டு
துறைமுக அதிகாரி வந்து எங்கள் சாவடியில் தாள் ஒட்டினார்.
தொடாதே, தின்னாதே, விற்காதே.
கரையில் மத்தி முழங்கால் உயரம்,
பளபளவென்று, ஈக்களோடு.
கடற்சிங்கம் ஒன்று எங்கள் படகின் நிழலுக்கு வந்து
குடிகாரனைப்போல் தலையை ஆட்டி ஆட்டிச் செத்தது.
உடம்பில் ஒரு கீறல் இல்லை.
அடுத்த ஏற்றத்தில் அலை அதைப் புரட்டிப்போட்டது,
வயிறு மேலே.
நான்கு மாதம் பயறும் கடனும் தின்றோம்.
அதற்குப் பிறகுதான்
நான் இந்தப் பலகையைப் பிடித்தேன்.

இதைச் சொன்னேன்.
அவள் குடிப்பதை நிறுத்தினாள். நோட்டை எடுத்தாள்.
எந்த மாதம் சிவந்தது?
காற்று எந்தப் பக்கம்?
முதலில் செத்தது எது, மீனா, பறவையா?
வேறு யாரையோ கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் பாலைதான் இருந்தது.
பறவை, என்றேன். கூழைக்கடா.
எழுதிக்கொண்டாள்.
என் பெயரைக் கேட்டு அதையும் எழுதினாள்,
எர்மிந்தா என்பதில் ஓர் எழுத்துப் பிழையோடு.
திருத்தச் சொல்லியிருக்கலாம்.

அதற்குள் சாலையில் ஒலிப்பான் அலறியது.
தாமிரம் ஏற்றிய லாரிகள்
கண்ணுக்கு எட்டிய மட்டும்.
மண்ணில் நட்டுவிட்டு வந்த பலகையைத் திருப்ப மறந்திருக்கிறேன்.
அது தன்பாட்டுக்கு 'நில்' என்று நின்றுகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்?" என்று கத்தினான் முதல் வண்டிக்காரன்.
சுவரைப் பார்த்தேன். அதிலிருந்த விடை
அவனுக்குப் பயன்படாது.
"பத்து நிமிடம்" என்றேன்.