பத்தாவது புள்ளி

டண்டீயில் பூமி அதிகம் பேசாது.
பதினாலு மாதமாகக்
கோயில் சாமான் அறையில்,
அண்டாக்களுக்கும் சுருட்டிய ஜமுக்காளத்துக்கும் நடுவே,
காது வைத்துக் கிடக்கிறது என் கருவி.
கேட்டதெல்லாம் நிலக்கரி லாரி, கல்குவாரி வெடி,
தைப்பூசத்தன்று காவடிக்காரர் கால்கள்.
அன்றைய பதிவில் ஆறு மணி நேரம் ஒரே கறுப்பு.
'இரைச்சல்' என்று எழுதி ஒதுக்கினேன்.
பூங்காவனம் மூட்லியிடம் சொல்லவில்லை,
அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒரு கோடு.
தள்ளித் தள்ளிப் போகப் போக
ஆட்டம் எப்படி இளைக்கிறது என்று சொல்லும் கோடு.
ஜப்பான்காரர்களுக்குப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கின்றன.
எனக்கு ஒன்பது.
ஒன்பது புள்ளி நடுவே
யாரும் எந்தக் கோட்டையும் இழுக்கலாம்.
சில ராத்திரி
பென்சில் தானாகவே வளைகிறது.

அடிப்பாறை கிழம். அது மட்டும் தெரியும்.
முந்நூறு கோடி வருஷம் சூளையில் வெந்த பானை;
தட்டினால் கணீரென்று தூரம் போகும்.
பரவினால் மெலியும், அது எந்த ஊரிலும் உள்ளது.
உராய்ந்து சூடாகித் தொலைவதுதான்
இங்கே கொஞ்சம்.

செவ்வாய் விடியல், மூன்று ஐம்பது.
வடமேற்கே ஒரு தங்கச் சுரங்கம்,
மூன்று கிலோமீட்டர் ஆழம்.
பாறை ஒரு தடவை தோளைக் குலுக்கியது.
ஐம்பதாம் நொடியில் முதல் அலை
எங்கள் அறையைத் தொட்டது.
எண்பத்தைந்தில் அதன் தம்பி,
மெதுவானவன், முரடன்.
கருவறையில் விளக்குச் சுடர்கூட அசையவில்லை.

காலையில் திரையைப் பார்த்ததும் கத்திவிட்டேன்,
ஸிபூசிஸோவின் காப்பி சிந்தியது.
பத்தாவது! அதுவும் முந்நூறு கிலோமீட்டரில்!
அளந்து, சிவப்பில் வைத்தேன்.
கோடு முதன்முறையாக
அடங்கி உட்கார்ந்தது.

ஏழு மணிக்கு வண்டி ரேடியோ.
மூன்று பேர் கீழே. பெயர்கள் இன்னும் சொல்லவில்லை.
ஸிபூசிஸோ வண்டியை ஓரங்கட்டி
மைத்துனனுக்குப் போன் போட்டான்.
மணி அடித்தது, அடித்தது.
எடுத்தான். வேறு ஷிஃப்டாம்.
எங்கள் இருவருக்கும் வந்த சந்தோஷத்தை
மறைக்க முடியவில்லை.
பிறகு நியூகாசில் வரை
ரேடியோவை அவன் அணைக்கவும் இல்லை,
சத்தம் கூட்டவும் இல்லை.

மாலை சாவியைத் திருப்பிக் கொடுக்கையில்
மூட்லி கேட்டார்:
"ராத்திரி இங்கேயும் வந்ததாமே?"
வந்தது.
"எவ்வளவு?"

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
நெருக்கிக்கொண்டே போனேன்.
ஒன்றையொன்று தொட்ட பிறகும்
அது அதிகம்.

சாவியை வாங்கிக்கொள்ளாமல்
என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.