ஐந்தாம் தரம்

ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால்
பின்னால் வரும் பெட்டி வலப்பக்கம் போகும்.
இவ்வளவுதான் பாடம்.
இதைப் பிடிக்க எனக்குப்
பதினொரு மாதமும் நாலு தோல்வியும் தேவைப்பட்டன.

மயூரதனுக்கு ஒரு பின்னேரம்.

பிராம்ப்டனில், பழைய டயர்க் கடைக்குப் பின்னால்,
செம்மஞ்சள் கூம்புகள் நட்ட வெளியில்
ஒரு கையில் கோப்பிக் கோப்பை,
மறு கையால் அந்த ஐம்பத்து மூன்று அடியை
பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல்
கோடுகளுக்கு நடுவே கிடத்தினான்.
குர்தீப் சிங் இன்னொரு தரம் செய் என்றார்.
சோதிக்க இல்லை,
பார்க்க ஆசையாக இருந்ததால்.
நானும் பார்த்தேன்.
பொறாமை என்று சொல்லமாட்டேன்.
பசி மாதிரி ஒன்று.

நான் கூம்புகளைக் கொன்றேன்.
ஒரே நாளில் பதினேழு.
இரவில் சமையல் மேசையில்
அழிறப்பரில் ஊசி குத்தித் தீப்பெட்டியைக் கொழுவி
உப்புப் போத்தலுக்கும் சீனிப் போத்தலுக்கும் இடையில்
பின்பக்கமாக, பின்பக்கமாக.
"விளையாட்டு முடிஞ்சால் லைற்றை நூத்துவிடு"
என்பார் இவர், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி.
கடை வாகனத் தரிப்பிடத்தில்
இரண்டு தள்ளுவண்டிகளைச் சால்வையால் கட்டி
பின்னுக்குத் தள்ளிப் பழகியபோது
காவலாளி வந்து விசாரித்தான்.
என்னவென்று சொல்ல?
லொறி என்றேன்.
சுகமில்லாத ஆளோடு பேசுவதுபோல்
மெதுவாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஒஷாவாவில் ஐந்தாம் தரம் தேறினேன்.
பரீட்சகர் கைகொடுக்கவில்லை.
அவருக்கு மூக்கு ஒழுகியது.

கதை என்றால்
இதற்குள் மயூரதன் எங்கேயாவது இடித்திருக்க வேண்டும்.
இடிக்கவில்லை.
பத்து வருடமாக ஓடுகிறான்,
எந்த வாசலிலும் ஒரே மூச்சில் ஏற்றுகிறான்,
சோம்பேறியும் இல்லை, தலைக்கனமும் இல்லை.
முயல் தூங்கவில்லை.
ஆமை முந்தவும் இல்லை.
இரண்டுக்கும் மைலுக்கு ஒரே காசு.

ஒருநாள் போனில் கேட்டேன்,
கண்ணாடியில் அப்படி என்னதான் பார்க்கிறாய்?
"ஒண்டுமில்லை அக்கா. அது தானா வரும்."
பிறகு, சும்மா பேச்சுக்கு, நீங்கள்? என்றான்.
நான் சொல்லத் தொடங்கினேன்.
பெட்டியின் பின்சில்லு
முதல் எந்தக் கல்லை மிதிக்கும் என்று.
திருப்பியதை எப்போது திருப்பி எடுக்கவேண்டும்,
அந்த அரை நொடி பிந்தினால் என்ன நடக்கும்,
பனி மூடிய கோட்டை
சுவரின் நிழலில் எப்படித் தேடுவது என்று.
நிபிகன் தாண்டிச் சிக்னல் இழுபடும்வரை சொன்னேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.
"இவ்வளவு கிடக்கா அதுக்குள்ளே" என்றான்.
கேலி இல்லை.
தன் வீட்டில் திறந்து பார்க்காத அறை ஒன்றை
வேறொருத்தி வர்ணிக்கக் கேட்டவன்போல.

போன தை மாதம், தண்டர் பே.
முப்பத்தொரு பாகை உறைநிலைக்குக் கீழே.
ஏரிக் காற்று இமைமயிரை ஒட்டவைக்கிறது.
கண்ணாடிக்குத் தெரியாத பக்கத்தால்
ஏற்ற வேண்டிய வாசல்.
இறங்கிப் பார்த்தேன். அடி எண்ணினேன். ஏறினேன்.
இப்படி நாலு தரம்.
வெங்காய மூட்டைகள் பொறுமையாக இருந்தன.
றப்பர் விளிம்பில் பெட்டி முட்டாமல் பொருந்தியபோது
உள்ளே நின்ற பெடியன் கோல் விசிலடித்தான்.
நீங்கள் இதற்கென்றே பிறந்தவர் என்றான்.

கையுறைக்குள் விரல் சூடாகியது.
பதினேழு கூம்பையும் அவன் முன்னால் கொட்டவேண்டும்,
நாலு சிவப்புக் கடுதாசியையும்.
இல்லையடா தம்பி,
இதற்காக நான் பிறக்கவே இல்லை,
இதுதான் என்னை வைத்துப் பதினொரு மாதம் பிசைந்தது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவனுக்கு இருபது வயதிருக்கும்.
நல்ல மனதோடுதான் சொன்னான்.
அதோடு, உண்மையைச் சொன்னால்,
அந்தப் பொய் கொஞ்சம் இனித்தது.

தாளில் கையொப்பமிட்டேன்.
வெளியே வந்து,
எல்லாம் முடிந்த பிறகும்,
ஐந்தாம் தரம் சுற்றி நடந்து பார்த்தேன்.
பெட்டி நேராகத்தான் நின்றது.