சாம்பல் சத்து

முதலில் பருத்தி செத்தது.
அடுத்த வருடம் கோதுமை,
முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி.
ஆழ்குழாய் நீரால் கட்டிய மோட்டார் கொட்டகையின் சுவர்
அடியிலிருந்து பொரிந்து உதிர்ந்தது.
வங்கிக்காரர் நாக்கில் ஒரு துளி வைத்துத் துப்பிவிட்டு
களர் என்று எழுதிக்கொண்டு போனார்.

எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராத ஊர்,
சிர்சாவுக்கு மேற்கே.
இரண்டரை ஏக்கரைத் தோண்டி
கறுப்புத் தார்ப்பாய் விரித்து
இறால் விட்டேன்.
எங்கள் வீட்டில் யாரும் அதைத் தின்றதில்லை.
சந்தரோ அதைப் பூச்சி என்பாள், இன்றுவரை.

உப்புதான் கிடக்கிறதே என்ற தைரியம்.
இருபத்து மூன்றாம் நாள் தீவனத் தட்டைத் தூக்கினால்
வில்லாய் வளைந்தவை நிமிரவில்லை.
வால்சதை வெந்ததுபோல் வெளுத்திருந்தது.
சட்டை உரித்தவை கூழாய்க் கிடக்க
உரிக்காதவை அவற்றைத் தின்றுகொண்டிருந்தன.

ரோத்தக்கிலிருந்து பபீதா தஹியா வந்தாள்,
குப்பிகளோடு, கணவனின் பைக்கில்.
"சோடியம் இருக்கிறது, சுண்ணாம்பு தேவைக்கு மேல்.
பொட்டாசியம்தான் இல்லை.
கடலுக்குத் தெரிந்த கணக்கு
உங்கள் நிலத்தடிக்குத் தெரியாது, காக்கா."
உப்பால் அழிந்தவனிடம்
உப்பு போதாது என்கிறாள்.
சிரிப்பதா என்று தெரியாமல் தேநீர் கொடுத்தேன்.

அன்றிலிருந்து உரக்கடைச் சாக்குகள்.
செங்கல்தூள் நிறத்தில் குருணை,
வாளியில் கரைத்து, கரையோடு நடந்து ஊற்றுவேன்.
தீவனத்துக்குத் தனிப் பொடி:
கிலோவுக்கு இருபது கிராம், கொஞ்சம் பசை,
நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் ஆகாது.
அமாவாசை நெருங்கினால் கூடுதல்,
அன்றுதான் நிறைய உரிக்கும்.
புது ஓடு இறுகும்வரை
அதற்கு உடம்பு மட்டும்தான், வீடு இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் நான் சிர்சாவில்,
நாலு மணி நேரம், இடது கையில் இரண்டு ஊசி.
என் சிறுநீரகங்கள் கடையைச் சாத்தி
பதினொரு மாதம்.
தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது,
பருப்பு கையளவு,
இளநீரை நினைக்கவும் கூடாது.
அதே சரக்குதான்.
சாக்கு சாக்காய் நான் குளத்துக்குக் கொட்டுவதை
எனக்கு நெல்லெடையில் நிறுக்கிறார்கள்.

இரண்டு சோதனைச் சீட்டும் ஒரே சட்டைப்பையில்.
போன மாதம் பபீதா கை நீட்டியபோது
எடுத்துக் கொடுத்தேன்.
படித்தவள் குளத்தைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள்.
"பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்றா?
இந்நேரம் ஒன்றுகூட உயிரோடு இருக்காதே!"

"அது குளம் இல்லை" என்றேன்.
"நான்."

ஏரேட்டர் சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது.
சீட்டை மடித்தாள், திரும்ப விரித்தாள்,
அடுத்த தேதி எப்போது என்று கேட்டாள்.
இறாலுக்கா எனக்கா என்று
நானும் கேட்கவில்லை.

உருளைக்கிழங்கைச் சந்தரோ இப்போது
காசுபோல் மெல்லியதாய் அரிகிறாள்.
ஊறவைத்துக் கொட்டி,
வேகவைத்து அந்த நீரையும் கொட்டி,
மறுபடி வேகவைத்தால் எனக்குக் கிழங்கு,
ருசியெல்லாம் போய், பெயர் மட்டும் மிச்சம்.

நேற்று அமாவாசை.
கரையில் டார்ச்சோடு உட்கார்ந்து
தட்டைத் தூக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கலங்கலான பானையோடு வந்தாள்.
கேட்காமல், கரை ஓரம் குனிந்து ஊற்றினாள்.
ஆவி கொஞ்சம் எழுந்து அடங்கியது.

"இவ்வளவு பெரிய குளத்துக்கு
இது எம்மாத்திரம்?" என்றேன்.

"உங்களுக்கு ஆகாத அளவு."

அந்தத் தண்ணீரிலேயே பானையை அலசி
முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.