பதினோரு நிமிடம்

விடியற்காலை மூன்று பத்துக்கு
வியேஸ்வாஃப் என் தோளைத் தொடுவான்.
கடவுள் இல்லை என்பவன்.
ஆனாலும் முப்பது வருடம் ரயில்பெட்டி ஆலையில்
முறை மாற்றி உழைத்த உடம்பு,
மணி அடிக்குமுன் விழித்துக்கொள்ளும்.
"எழுந்திரு ஓட்டீலியா, உன் மடம் திறந்தாயிற்று"
என்றுவிட்டு மறுபக்கம் புரள்வான்.

மடம் என்பது
அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு முக்காலி.
காலைப் புகழில் பாதிதான் என் வாயில்.
மீதியைப் பொங்கி வழியும் பால் சொல்லிக்கொள்ளும்.

கழுத்தில் உத்தரியம்,
தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாய்
இரண்டு துண்டுப் பழுப்புக் கம்பளி.
சீருடைச் சட்டைக்குள் குத்தும்.
பழகிவிடும் என்றார்கள், வாக்குறுதி கொடுத்த அன்று.
ஒன்பது வருடம் ஆயிற்று.
குத்துகிறது.

எங்கள் கார்மேல் சபைக்குக்
காலணி துறந்தோர் சபை என்று பெயர்.
நான் துறக்கவில்லை.
டிராம் கம்பெனி தந்த முப்பத்தெட்டாம் எண் பூட்ஸ்,
தடித்த ரப்பர் அடி, மின்சாரம் பாயாது.
முதல் கூட்டத்தில் இதைச் சொல்லிச் சிரித்தேன்.
பல் மருத்துவர் ஹல்ஷ்கா மட்டும் கூடச் சிரித்தாள்.

துறவிக்கு ஓர் அறை உண்டு,
ஒரு கதவு, ஒரு பலகை.
எனக்கும் உண்டு,
ஒன்றரை மீட்டர் அகலத்தில் கண்ணாடிக் கூண்டு.
போஸ்னான் நகரமே தண்டவாளத்தின் மேல்
என்னை நோக்கி வந்துகொண்டிருக்கும்.
முதுகுக்குப் பின்னால் இருநூறு பேர் இருமுவார்கள்.

நாளுக்கு அரை மணி நேர மௌனம் எங்கள் கடன்.
அரை மணிக்கு நான் எங்கே போவேன்?
கடைசி நிறுத்தத்தில் பதினோரு நிமிடம் நிற்கும் வண்டி.
அதில் நான்கு கழிப்பறைக்கு.
ஏழு ஏழாக நான்கு நடை சேர்த்தால் இருபத்தெட்டு.
இரண்டு நிமிடக் கடனோடுதான்
தினமும் படுக்கப் போகிறேன்.

ஜனவரியில் ஒரு நாள்.
வார்ட்டா ஆற்றின் ஓரங்கள் உறைந்திருந்தன.
கூண்டின் விளக்கை அணைத்துக் கண்ணை மூடினேன்.
என்றும் இல்லாமல் அன்று
ஏதோ வந்தது. எப்படிச் சொல்ல?
காலியாய்க் கிடந்த பக்கத்து வீட்டில் யாரோ குடிவந்தால்
நடுச்சுவர் கொஞ்சம் வெதுவெதுக்குமே, அப்படி.

டொக் டொக்.
நான் அசையவில்லை.
டொக் டொக் டொக்.
"வண்டி நிற்கிறது, கண் தெரியவில்லையா!"
அதற்கடுத்து நான் சொன்ன வார்த்தை
எந்த ஜெபத்திலும் இல்லை.

பனியை நொறுக்கிக்கொண்டு காலடிகள் விலகின.
சுவர் சில்லிட்டது.

புறப்படும்போதுதான் பார்த்தேன்.
வைப்பரில் செருகியிருந்தது
ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை.
கதவிடுக்கில் கடித்துக்கொண்டு
எத்தனை நிறுத்தம் இழுத்து வந்தேனோ.
உருவி எடுத்து, சேறு தட்டி,
கட்டைவிரலை உள்ளே மடித்து
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்
முகம் பார்க்காத அந்த ஆள்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர்.
ஹீட்டர் முனகும் அறை. ஸ்பிக்னியெவ் வழக்கம்போல்
தியானத்துக்கும் தூக்கத்துக்கும் எல்லையில்.
"இந்த மாதம் ஜெபத்தில் பெற்றது என்ன?"
என் முறை வந்தது.
"ஒரு கையுறை."
அழகான உருவகம் என்று தலைவி குறித்துக்கொண்டார்.
ஹல்ஷ்கா கேட்டாள், "எந்தக் கைக்கு?"
"இடது."
அவள் தலையாட்டினாள்,
தெரிய வேண்டியது அதுதான் என்பதுபோல.

விதிப்படி, கிடைத்த பொருளை டிப்போவில் ஒப்படைக்க வேண்டும்.
மூன்று வாரமாய் அது கூண்டுக் கொக்கியில் ஆடுகிறது,
தெருவிலிருந்து தெரியும்படி.
யாரும் கேட்கவில்லை.
இப்போது தட்டினால் திறந்துவிடுகிறேன்.
பெரும்பாலும் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

ஏழு சில நாள் மூன்றாகிவிடும்.

"இன்றைக்குக் கடன் எவ்வளவு?" என்றான் வியேஸ்வாஃப் நேற்று.
"ஒன்பது நிமிடம்."
விளக்கை அணைத்தான்.
பிறகு வெகுநேரம் அவன் பக்கமிருந்து
குறட்டை வரவில்லை.