14/320

நாலுவழிச் சாலைக்கு அளவெடுக்க வந்தவன் நான்.
செக்கானூரணி தாண்டி நெடுங்காட்டுப்பட்டி விலக்கில்
புளியமரங்களை எண்ணி முடித்து,
நாற்பத்தொன்று, அதில் இரண்டு பட்டது,
படிவத்தில் அடுத்த வரிக்கு வந்தபோது
கல் நின்றது.

நட்ட கால் இரண்டு, மேலே படுத்த கல் ஒன்று.
சுமைதாங்கி.
'கட்டுமானத்தின் வகை' எழுதியாயிற்று.
'உரிமையாளர்' என்ற கட்டத்தில்
பேனா ஓடவில்லை.

படுத்த கல்லில் எழுத்து இருந்தது.
மழை தின்றது போக மிச்சம்
'க்காள் தற்மம்'.
முன்னால் இருந்த பெயரின் முக்கால்வாசியைக் காணோம்.

மாயக்காள் என்றார் டீக்கடை மொக்கச்சாமி.
நிறைமாசத்தில் வைக்கோல் கட்டோடு வந்தவள்,
இறக்கிவிட ஆளில்லாமல் இங்கேதான் சரிந்தாள்.
பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போகையில்
நாகமலை கண்ணில் பட்டபோதே மூச்சில்லை.
வயிற்றில் இருந்ததும் அவளோடு.
புருஷன் நட்ட கல்.
சொல்லிக்கொண்டே வடை மடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.
"எங்க வகையறா சார் அது.
கல்லுக்கும் நஷ்டஈடு உண்டுல்ல?"

வீரக்காள் என்றாள் கீழத்தெரு ஒச்சம்மா.
"அவ எங்க செத்தா? தொண்ணூறு வயசு இருந்தா.
பிள்ளையே பெறாதவ.
ஊர்ப் பிள்ளத்தாச்சிக வெறகு தூக்கிட்டு
அவ வாசல் வழியாத்தான் போவாளுக.
பாக்கச் சகிக்காம
காதுல கெடந்த தண்டட்டிய வித்து நட்டா.
தண்டட்டி ஒரு ஜோடி, கால்கல்லும் ஒரு ஜோடி.
மேல கெடக்குறதா?
அது ராத்திரியில தானா வந்து படுத்துக்கிருச்சு."

கிடை போட்டிருந்த தவசிக்குப் பெயரில் அக்கறை இல்லை.
"கல்லு எறங்குது சார்.
எங்கய்யாவுக்குத் தலைக்குச் சரியா இருந்துச்சு.
எனக்கு நெஞ்சு. எம்மகனுக்கு இடுப்பு.
இங்க எறக்கி வச்ச பாரமெல்லாம் பின்ன எங்க போகும்?
வாங்கி வாங்கி மண்ணுக்குள்ள போகுது."

டேப் பிடித்தேன். மூன்றடி இரண்டங்குலம்.
எனக்குத் தெரியும்:
செம்மண், அதன் மேல் ஜல்லி, ஜல்லி மேல் தார்,
தேர்தலுக்கு ஒரு பூச்சு, தேர்தல் முடிந்து ஒரு ஒட்டு.
சாலைதான் ஏறியது, கல் இறங்கவில்லை.
சொன்னேன்.
தவசி சாலையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்,
"ரெண்டும் ஒண்ணுதான சார்" என்று
ஆடுகளைப் பத்திக்கொண்டு போனார்.

விதி எளிது.
பயனற்ற கட்டுமானம் என்றால் அகற்றலாம்.
பயன்பாட்டில் இருந்தால்
பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நட வேண்டும்.
இப்போது யார் தலையில் சுமக்கிறார்கள்?
மல்லிகைப்பூ மூட்டைகூட
ஷேர் ஆட்டோவில் ஏறி மாட்டுத்தாவணி போகிறது.
'இல்லை' என்று எழுத
அடியில் வைக்க அட்டை தேடித் திரும்பினால்
கருவிப் பெட்டி, முக்காலி, தண்ணீர் பாட்டில், என் சாப்பாட்டுப் பை,
எல்லாம் கல்லின் மேல்.
எப்போது வைத்தேன் என்று நினைவில்லை.

'பயன்பாட்டில் உள்ளது.'
எழுதிவிட்டு, நடைமுறைப்படி
கால்கல்லில் சிவப்பு பெயிண்டால் குறித்தேன்: 14/320.
பதினான்காவது கிலோமீட்டர்,
முந்நூற்று இருபதாவது மீட்டர்.

மூன்று வாரம் கழித்து வந்தேன்.
எண்ணைச் சுற்றி மஞ்சள்.
பூஜ்யத்தின் நடுவில் குங்குமம்.
அடியில் உடையாத கண்ணாடி வளையல் ஏழெட்டு.
உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்ணாம், ஏழு மாசம் இருக்கும்,
பைக்கிலிருந்து மெல்ல இறங்கி நின்றிருந்தாள்.
மொக்கச்சாமி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பதினாலு வயசுல வாக்கப்பட்டு வந்தா.
முந்நூத்தி இருவது நாள் சொமந்தா.
பிள்ளை எறங்கவே இல்ல.
கல்லுலயே எழுதியிருக்கு பாரு தாயி."

அவள் விரலால் என் எண்களைத் தடவினாள்,
முதலில் ஒன்று, பிறகு நான்கு.
நான் பெயிண்ட் டப்பாவை
முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.